நாலடி வடக்கே

கோட்டைக்குள் அந்தத் தெருவில் போய் ஜானவி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் அவள் வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்கள். "வெங்கடகிருஷ்ணன் பொண்ணா? அம்மாடி, அவ வாய்க்கு யார் பதில் சொல்றது!" என்பார்கள். பொய்யில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் என்ஜினீயர் வீட்டுக்கே போன் போட்டு எழுப்புவாள். ஆட்டோக்காரன் மீட்டரை மூடி வைத்தால் மலையாளத்தில் பிடிபிடியென்று பிடித்து, இறங்கும்போது தமிழில் முடிப்பாள். அப்படிப்பட்ட வாய் ஒரே ஒரு தடவை, திறந்தே ஆகவேண்டிய இடத்தில் திறக்கவில்லை. அதன் பலனைத்தான் அந்த வீட்டில் இன்றைக்கும் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. ஒரு ஆபீஸில் சீனியர் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. வந்தவர்களில் ஒருத்தன் சம்பளம் எவ்வளவு என்று கேட்டான், இன்னொருத்தன் அவள் பேச்சைக் கேட்டுவிட்டுக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனான். அப்புறம் அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன், அம்மாவுக்கு முட்டி. தம்பி சுமந்த் கனடாவுக்குப் போனவன் போனவன்தான். வீட்டில் யாராவது இருக்க வேண்டுமே! இவள் இருந்தாள். இருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. இருக்கிறேன் என்று இவளும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு துரும்பு கிடையாது. வீடு சுமந்துக்கு. அம்மா நாகலக்ஷ்மியின் வைரத்தோடு மருமகள் மாளவிகா காதுக்கு என்றைக்கோ போயாயிற்று. ஜானவிக்கு அதிலெல்லாம் பெரிய ஆசையும் இருக்கவில்லை. ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான், வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அந்தக் காருக்கு.

அப்பா வெங்கடகிருஷ்ணன் பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். எஸ்டேட் மேனேஜரிடம் அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கரும்பச்சை நிறம், மடக்குகிற துணிக்கூரை, இரண்டே சீட். மேனேஜர் வேலையை விட்டுப் போனபோது, அதற்குள் ஓட்டம் நின்றிருந்த வண்டியை ஹெட் கிளார்க் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவரும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஷெட்டில் தள்ளினார். ஓட்டவும் தெரியாது, விற்கவும் மனசு வராது. ஒரு டிசம்பர் லீவுக்கு வந்த சுமந்த், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்தத் தகரத்த எடைக்குப் போட்டுடுங்கோப்பா, எடமாவது மிஞ்சும்" என்றான். கிழவருக்குச் சுருக்கென்றது.

"எடைக்குப் போடறதுக்கா இத்தனை நாள் வெச்சிண்டிருக்கேன்? ஓட வெக்கறவாளுக்கு இந்த வண்டி. சொன்னா சொன்னதுதான்" என்றார்.

சுமந்த் சிரித்துக்கொண்டே கையலம்பப் போனான். ஜானவி சிரிக்கவில்லை. மோர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு அப்பா முகத்தையே பார்த்தாள்.

மறுநாளே தார்ப்பாயை உருவிவிட்டாள். ஆரியசாலைக்குப் பின்னால் பிஜி என்று ஒருத்தன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஜீப்பும் டெம்போவும் பார்ப்பவன். அவனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சேச்சி, இது வண்டியல்லா, தலைவேதனையாக்கும்" என்றான். ஆனாலும் வந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தான். வெளிநாட்டுக்காரர்கள் பழைய கார்களைப் பற்றி எழுதிவைத்திருப்பதையெல்லாம் ஜானவி ஆபீஸில் மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்துவிட்டு வருவாள். அதை அவனுக்கு மலையாளத்தில் சொல்வாள். அவன் பாதியை நம்புவான், பாதியைச் செய்துபார்த்துவிட்டு நம்புவான்.

என்ஜின் சீக்கிரமே கிளம்பிவிட்டது. பாடுபடுத்தியது கியர்தான். இரண்டாம் கியர் விழும்போது பல்லைக் கடித்தது. மூன்றாவது, கையை எடுத்தால் தானாகக் கழன்றது. அந்த மாடலில் ஒரு சௌகரியம், கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே கழற்றலாம். சீட்டை எடுத்து, நடுவிலுள்ள மூடியைக் கழற்றி, இரண்டு பேர் மல்லுக்கட்டினால் கதவு வழியாக வந்துவிடும். அப்படி இறக்கி, தேய்ந்த வளையங்களை மாற்றி, மறுபடி ஏற்றினார்கள். ஜானவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "கல்யாணமாகாத பொண்ணு கார் அடியில படுத்துண்டு கெடக்கா" என்று எதிர்வீட்டில் பேசினார்கள். "ஏன், ஆனவா படுத்துக்கணுமா?" என்று இவள் ஷெட்டிலிருந்தே கேட்டாள்.

மிச்சமிருந்தது ஓவர்டிரைவ். நாலாம் கியருக்கும் மேலே ஓர் அரை கியர் என்று வைத்துக்கொள்ளலாம். நேர்ரோட்டில் வேகம் பிடித்தபிறகு ஒரு சுவிட்சைத் தட்டினால், சாதம் கொதித்ததும் அடுப்பைக் குறைப்பதுபோல என்ஜின் அடங்கும், வண்டி அதே வேகத்தில் போகும். இந்த வண்டியில் சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் வந்ததும் அதை இழுத்துவிடுகிற காந்தம், சோலனாய்டு, அதுதான் போச்சு என்று ஜானவி சத்தியம் பண்ணினாள். புதுசு வரவழைத்து மாட்டியும் பார்த்தாயிற்று. ஊஹும். இந்தக் காந்தத்தை நீ தலைகீழாக மாட்டியிருக்கிறாய் என்று பிஜியைப் பார்த்துக் கத்தினாள். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, டெஸ்ட் லேம்ப்பை வைத்து ஒயர் ஒயராகத் தொட்டுக்கொண்டே போனான். கியர்பாக்ஸ் தலைமேல் ஒரு சின்ன சுவிட்ச், மூன்றிலும் நாலிலும் மட்டும் கரண்ட் விடுவதற்காக வைத்தது. அதற்குள் களிம்பு பிடித்திருந்தது. அதை மாற்றியதும் அடியில் 'டக்' என்று கேட்டது. சத்தம் வந்தது, வேலை நடக்கவில்லை. அப்புறம் ஆயில் அளவு, அப்புறம் சோலனாய்டு இழுக்கிற கைப்பிடியின் அளவு, அரை நூல் இங்கே, கால் நூல் அங்கே. "நீ பார்த்தது சரி, நான்தான் தப்பு" என்று பிஜியிடம் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு அது பழக்கமில்லாத வார்த்தை.

கழக்கூட்டம் தாண்டி பைபாஸில் ஒரு விடியற்காலை. இடது சீட்டில் அப்பா, தலையில் மப்ளர். நாலாவதில் போய்க்கொண்டே ஜானவி சுவிட்சைத் தட்டினாள். ஒரு மெல்லிய தள்ளல், என்ஜின் இரைச்சல் பொசுக்கென்று இறங்கியது, வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. வெங்கடகிருஷ்ணன் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"பலே! ஜெயிச்சுட்டேடி ஜானு! இந்த வண்டி உனக்குத்தான். எனக்கு வேற யார் இருக்கா?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றில் என்று சொல்லிக்கொண்டாள்.

ஆனால் பழைய இங்கிலீஷ் வண்டி, ஆயில் சொட்டாமல் இருக்குமா? வீட்டு வாசலில் நிறுத்தினால் நாகலக்ஷ்மி போட்ட கோலத்தின் மேல் கறுப்பு கறுப்பாகப் பொட்டு வைத்தது. "மார்கழி மாசமும் அதுவுமா லக்ஷ்மி வர வழியில மசகு எண்ணெயா?" என்று அம்மா தினம் ஒரு பாட்டம் அழுதாள். ஜானவி அட்டையை விரித்தாள், தகரத் தட்டு வைத்தாள். அம்மா அடங்கவில்லை. அழுகையைப் பொறுக்கமாட்டாமல் வெங்கடகிருஷ்ணன் ஒரு நாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், ஒழுகலை அடைக்கிற மருந்து என்று ஒரு குப்பி வாங்கிவந்தார். தேன்மாதிரி கெட்டியாக இருந்தது. ஜானவி ஆபீஸ் போயிருந்த நேரம். அவள் ஆயில் விடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு இடம் தெரியும். சமையலறைப் புனலை வைத்துக் கியர்பாக்ஸுக்குள் முழுக் குப்பியையும் கவிழ்த்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொட்டுவது நின்றது. நாகலக்ஷ்மிக்குச் சந்தோஷம். கியரும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலில்தான் வாழ்கின்றன என்பது அவருக்கு எப்படித் தெரியும்!

அதற்கடுத்த வாரம் பழைய எஸ்டேட்டைப் பார்க்க வேண்டுமென்று அப்பா ஆசைப்பட்டார். பொன்முடிக்குப் போனார்கள். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மேலே ஒரு நேர்ப்பாதையில் ஓவர்டிரைவைத் தட்டிப் பார்த்தாள், பிடித்தது. இறங்குமுன் சுவிட்சை அணைத்தாள். என்ஜின் சத்தம் ஏறவில்லை. மறுபடி போட்டு அணைத்தாள். ஏறவில்லை. உள்ளே விழுந்தது விழுந்தபடி மாட்டிக்கொண்டது. முன்னால் போவதில் ஆபத்தில்லை, பிரேக்கை நம்பி மெதுவாக இறங்கலாம். ரிவர்ஸ் மட்டும் போடக்கூடாது. அதற்குள் ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற பூட்டு ஒன்று இருக்கிறது. ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது வண்டியைப் பின்னால் எடுத்தால் அந்தப் பூட்டு நொறுங்கும். படித்ததில் எல்லாரும் முதலில் எழுதியிருந்தது அதைத்தான்.

பாதி இறக்கத்தில், கொண்டைஊசி வளைவில், கீழேயிருந்து பஸ் வந்துவிட்டது. பஸ்ஸுக்கும் மலைச்சரிவுக்கும் நடுவில் ஒரு ஆள்கூட நுழைய முடியாது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவன் வழி விடவேண்டும், நியாயம் பஸ் பக்கம். டிரைவர் ஹாரனை அழுத்தினான். "சேச்சி, பொறகோட்டு எடுக்கூ!" என்று கையைப் பின்பக்கம் வீசினான். ஜானவி இறங்கிப் போய் அவன் ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"எடுக்கமாட்டேன். நீங்கதான் எடுக்கணும்."

"இந்தப் பொம்மை வண்டிக்கு நான் பஸ்ஸை எடுக்கணுமா?"

"ஆமா, எடுக்கணும். இது பின்னால போனா உடையும். உங்களுது உடையாது."

கண்டக்டர் இறங்கி வந்தான். பின்னாலிருந்து இரண்டு பைக், ஒரு ஜீப். எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜானவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒருத்தரை விடாமல் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். போலீஸைக் கூப்பிடு என்றாள். வேண்டுமானால் இங்கேயே சாயங்காலம் வரை நிற்கலாம், ஃபிளாஸ்கில் காபி இருக்கிறது என்றாள். கடைசியில் பஸ்ஸுக்குள்ளிருந்து எஸ்டேட் தொழிலாளர் லயத்துக் கிழவி ஒருத்தி, பொன்னம்மை என்று பேர், எட்டிப் பார்த்துவிட்டு, "எலே, அது நம்ம கிளார்க்கய்யால்லா? வழிய விடுங்கலே!" என்று சத்தம் போட்டாள். பஸ் சிரித்தது. கண்டக்டர் விசிலை ஊத, அவ்வளவு பெரிய பஸ் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கிக் கீழ் வளைவில் ஒதுங்கியது. பச்சை வண்டி அதன் பக்கத்தில் உரசாமல் இறங்கிற்று.

வீடு வந்து சேர்ந்தார்கள். ஆயிலை வடித்தபோது பிசின்பிசினாக வந்தது. ஜானவி முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவோட கோலம்..." என்றார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, பின்னாலேயே சிரிப்பும் வந்துவிட்டது. "கோலத்துக்காக குடலையே அடைச்சுட்டேளேப்பா!" என்றாள். ஆயில் அழுத்தத்தைத் திறந்துவிடுகிற வால்வில் ஒரு நுண்ணிய துளை உண்டு, அதைத்தான் பிசின் அடைத்திருந்தது. ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும் என்று ஈர்க்குச்சியைச் சீவி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்தாள். இரண்டு தரம் ஆயில் மாற்றினாள். "பிசின் மொத்தமும் வெளிய வர நாளாகும். அதுவரைக்கும் எப்ப வேணா மறுபடி மாட்டிக்கும்" என்று அப்பாவிடம் சொல்லி வைத்தாள்.

இதெல்லாம் கழிந்துதான் சதாபிஷேகம் வந்தது. எண்பது தாண்டிய அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து அபிஷேகம். மண்டபம் பேசியது, சமையல்காரர், வாத்தியார், எல்லாம் ஜானவி. சுமந்தும் மாளவிகாவும் முந்தின வாரம் வந்து இறங்கினார்கள். ஷெட்டில் பளபளவென்று நின்ற வண்டியைப் பார்த்ததும் சுமந்துக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா! இது அந்தத் தகரமா? சூப்பர்! அப்பாவ இதுலதான் மண்டபத்துக்கு அழைச்சிண்டு போறோம். நான் ஓட்டறேன். வீடியோல பிரமாதமா இருக்கும்."

இரண்டே சீட். அப்பாவுக்கு ஒன்று, ஓட்டுகிறவனுக்கு ஒன்று. ஜானவி சரி என்றாள். ஒரு நாள்தானே, ஓட்டிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அன்றைக்கு விடியுமுன் வண்டியை எடுத்து ஒரு சுற்று சுற்றி வந்தாள். திரும்பி வரும்போது ஓவர்டிரைவ் மறுபடி மாட்டிக்கொண்டது. பாவி! மிச்சம் பிசின் எங்கேயோ ஒட்டியிருந்தது இன்றைக்குப் பார்த்துக் கழன்று வந்திருக்கிறது. வால்வைக் கழற்ற நேரமில்லை. மண்டபம் பக்கத்தில்தான், முன்னால் ஓட்டிக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது. அவர்கள் தெரு வடக்கு தெற்காக ஓடுவது. தெற்கு முனையில் மெயின் ரோடு, வடக்கு முனை மதிலோடு முடிந்துவிடும். யாரும் திருப்பவோ பின்னால் எடுக்கவோ வேண்டியிராதபடி, மதிலடியில் ஒரே வளைப்பில் திருப்பி, மூக்கு தெற்கே பார்க்க வாசலில் நிறுத்தினாள். உள்ளே போய் சுமந்தைப் பிடித்தாள்.

"டேய், ஒண்ணே ஒண்ணு. ரிவர்ஸ் மட்டும் போடாதே. ஓவர்டிரைவ் மாட்டிண்டிருக்கு. போட்டா கியர்பாக்ஸ் போயிடும்."

"சரிக்கா, சரி" என்றான் அவன், போனில் யாருக்கோ மண்டபத்துக்கு வழி சொல்லிக்கொண்டே.

"கேட்டயா நீ?"

"கேட்டேன்கா!"

கிளம்புகிற நேரம். வாசல் நிறைய உறவுக்காரர்கள். பட்டு வேஷ்டியில் வெங்கடகிருஷ்ணன் வெளியே வந்தார். மாளவிகா ஆரத்தி எடுத்தாள். ஜானவி காரின் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், அப்பா ஏறுவதற்காக. அவர் ஏறவில்லை. அம்மா நீட்டிய வெள்ளித்தட்டிலிருந்து வெற்றிலை பாக்கோடு வண்டிச் சாவியை எடுத்தார். எடுத்து, சுமந்த் கையில் வைத்தார்.

"எண்பது ஆயாச்சு. இருக்கறத இருக்கும்போதே கையால குடுத்துடணும். இனிமே இது உன்னோடது. ஒன் பிள்ளை காலத்துலயும் ஓடணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். சுமந்த் நமஸ்காரம் பண்ணி எழுந்தான், கண் கலங்கியிருந்தது. ஜானவிக்கு முதலில் என்ன நடந்ததென்றே புரியவில்லை. ஏதோ வீடியோவுக்காக என்று ஒரு கணம் நினைத்தாள். கதவைப் பிடித்தபடியே, "அப்பா?" என்றாள், மெதுவாக.

அவர் சீட்டில் உட்கார்ந்து வேஷ்டியைச் சரிசெய்துகொண்டே, குரலைத் தாழ்த்தி, அன்பாகத்தான் சொன்னார்.

"உனக்கெதுக்குடி ஜானு? ஒனக்கப்பறம் அது யாருக்கு? அவன்கிட்ட இருந்தா வம்சத்துல நிக்கும். நீ பாத்துக்கப் போறே, அவ்வளவுதானே, அது எப்பவும்போல."

எப்பவும்போல! கதவைச் சாத்தினாள். அந்த வண்டியின் கதவை எந்த வேகத்தில் சாத்தினால் பூட்டு விழும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

சுமந்த் என்ஜினைக் கிளப்பினான். அப்போதுதான் நாகலக்ஷ்மி தலையில் கையை வைத்தாள்.

"ஐயையோ, இன்னிக்கு வியாழக்கிழமையாக்கும்! தெற்கே சூலம். தெற்கே பாத்துக் கிளம்பப்படாது. சுமந்த், நாலடி வடக்கே போயிட்டு வாடா. நாலே அடி. அப்பறம் எந்தப் பக்கம் வேணா போலாம்."

"ஆமாமா, சூலம் பாக்கணும்" என்றார் வாத்தியார்.

வடக்கே போவது என்றால் பின்னால் எடுப்பது. சுமந்த் திரும்பிப் பார்த்தான். "கொஞ்சம் நகருங்கோ எல்லாரும்" என்றான். காலையில் கேட்டது அவனுக்கு நினைவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கை கியருக்குப் போயிற்று. ஜானவி இடது கதவுக்கு வெளியே, கை நீட்டினால் அவன் தோளைத் தொடுகிற தூரத்தில் நின்றாள். 'டேய்' என்ற ஒரே ஒரு சொல் போதும். மலைப்பாதையில் ஒரு பஸ்ஸையே பின்னால் தள்ளிய வாய். அந்த வாய்க்குள் அந்தச் சொல் வந்துவிட்டது. நாக்குக்கு அடியில் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ரிவர்ஸ் பல்லில் விழுந்ததும், அவன் கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வண்டி வடக்கே ஒரு முழம் போயிருக்கும். அடியில் மடாரென்று ஒரு சத்தம், எலும்பு முறிகிற மாதிரி. ஜானவி அதை உள்ளங்காலில் உணர்ந்தாள். வண்டி குலுங்கி நின்றது. சுமந்த் முன்னால் போட்டுப் பார்த்தான். கரகரவென்று அரைத்தது, அவ்வளவுதான். கோலத்தின் மேல் ஆயில் சொட்டாக அல்ல, கோடாக வழிந்து பரவியது.

"என்னக்கா இது? ரெடி பண்ணிட்டேன்னு சொன்னியே!" என்றான் சுமந்த்.

"பொம்மனாட்டி பண்ணின ரிப்பேர்" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பண்ணி வெச்சிருக்கியேடி" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். ஜானவி ஒருத்தருக்கும் பதில் சொல்லவில்லை. வெங்கடகிருஷ்ணனை இறக்கி எதிர்வீட்டுப் பெரிய காரில் ஏற்றினார்கள். அதில் ஏழு பேர் உட்காரலாம். ஜானவியும் அதில்தான் போனாள், கடைசி வரிசையில், பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு. சதாபிஷேகம் நன்றாகவே நடந்தது. சமையலைப் பற்றி எல்லாரும் புகழ்ந்தார்கள்.

சாயங்காலம் எல்லாரும் கலைந்தபிறகு அவள் வண்டிக்கடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். ஓவர்டிரைவ் கூட்டில் நீளமாக ஒரு விரிசல். உள்ளே பூட்டு தூள்தூளாகியிருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் வேஷ்டி தெரிந்தது.

"ஜானு, நீ பக்கத்துலதானே நின்னுண்டிருந்தே" என்றார். "அவன் கை கியருக்குப் போனத நான் பாத்தேன். நீயும் பாத்தே."

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"யார் வண்டி அது?" என்றாள் ஜானவி, எழுந்திருக்காமலே. "அவன் வண்டி, அவன் கியர். நான் யாரு சொல்றதுக்கு?"

அவர் கோலத்தில் பரவியிருந்த ஆயிலைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"சரியாகுமா?"

"ஆகும். உடைஞ்சதெல்லாம் வரவழைச்சு மாட்டினா ஆகும்."

"அப்ப பண்ணிடு. அவன் சனிக்கிழமை கிளம்பிடுவான். நீ இங்கதானே இருக்கப்போறே."

அவள் வெளியே வந்து நிமிர்ந்து நின்றாள். கையைப் பழைய வேஷ்டிக் கந்தலில் துடைத்தாள். "ஆகும், யாராவது பண்ணினா. நான் பண்ணமாட்டேன்" என்றாள். அன்றைக்கு முழுவதும் அவள் உரக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

சுமந்த் போய்விட்டான். விற்க ஆள் பார்க்கிறேன் என்றான், மறந்துவிட்டான். பிஜி இரண்டு தடவை வந்து, "சேச்சி, எறக்கிப் பாப்போமே, எனக்குக் கூலிகூட வேண்டாம்" என்று கெஞ்சினான். காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். வண்டியைத் தள்ளி ஷெட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். டயர்களில் காற்றில்லை. ஜானவி அந்தப் பக்கமே பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறாள். தன் கையால் வளர்த்ததைத் தானே கொன்றோம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஒரு சில நாள் ஆபீஸில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

வெங்கடகிருஷ்ணனுக்கு இப்போது பாதி நினைவு தப்புகிறது. சாயங்காலமானால் மப்ளரைக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், கதவைத் திறந்து, இடது சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். ஜானவி ஸ்கூட்டரை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் அங்கிருந்து கூப்பிடுவார்.

"ஜானு, வந்துட்டியா? பைபாஸ் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாமா?"

"உங்க பிள்ளை வரட்டும்பா" என்கிறாள் அவள். "வண்டி அவனோடது."

"ஆமா, ஆமா" என்று அவர் தலையாட்டிக்கொண்டு, முன்கண்ணாடி வழியாக ஷெட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய், அவருக்குக் கஞ்சி வைக்கிறாள்.